முட்டிவலிக்காரர்களின் ஷேர் ஆட்டோ

மற்ற ஷேர் ஆட்டோக்களில் உள்ளே இருக்கும் கண்ணாடியைச் சாலை தெரிகிற மாதிரி வைத்திருப்பார்கள். அக்கா அதைக் கீழே சாய்த்து எங்கள் முகங்கள் தெரிகிற மாதிரி வைத்திருந்தார். பின்னால் வருகிற கன்டெய்னர் லாரிகளை வெளியே இருந்த பக்கக் கண்ணாடிகளில் பார்த்துக்கொள்வார். உள்கண்ணாடி, யாருக்கு எங்கே வலிக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கு.

"ஏம்மா, மூஞ்ச ஏன் கொயக்கட்ட மாதிரி வச்சினு கீற? இடுப்பா, முட்டியா?"

படப்பையில் ஏறி உட்கார்ந்து பையை மடியில் வைப்பதற்குள் கேட்டுவிடுவார். நாம் பதில் யோசிப்பதற்குள் அவருடைய இடது கை பின்னால் நீளும். உள்ளங்கையில் ஒரு மாத்திரை இருக்கும்.

நான் அப்போது ஒரகடத்தில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இருந்தேன். சின்னச் சின்ன சர்க்யூட் போர்டுகளை லென்ஸ் வழியாகப் பார்த்து, பழுது இருந்தால் ஒதுக்கிவைக்கிற வேலை. ஷிப்ட் முழுக்கக் குனிந்த தலை. கழுத்து பிடித்துக்கொள்ளும். என்னோடு அந்த வண்டியில் வந்தவர்களுக்கும் ஆளுக்கொரு வலி இருந்தது. லைனில் நிற்கிறவர்களுக்கு முட்டி, பெட்டி தூக்குகிறவர்களுக்கு இடுப்பு, ஸ்குரூ முடுக்குகிறவர்களுக்கு மணிக்கட்டு. எங்கள் கம்பெனியில் 'வலிக்கிறது' என்று சொன்னால் சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்ப்பார். அக்கா ஒருவர்தான் எங்கள் முகத்தைப் பார்த்தார்.

அவருக்கு அப்போது ஐம்பதை ஒட்டி வயதிருக்கும். கழுத்தில் சிலுவை டாலர், காக்கிச் சட்டைக்கு உள்ளே பூப்போட்ட சுடிதார், எந்நேரமும் சிரிப்பதற்குத் தயாராக இருக்கும் வாய். வண்டி ஓட்ட வருவதற்கு முன்னால் தாம்பரம் பக்கத்தில் ஒரு துணிக் கம்பெனியில் நின்றபடியே பேன்ட்டுகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர். முட்டிவலி அங்கே வாங்கியது.

"எத்தினி வருசம் நின்னேன் தெரியுமா? ஒருத்தராச்சும் இன்னாம்மா வலிக்குதுன்னு கேட்டாங்களா? அதான் நான் கேக்குறேன்" என்பார்.

பிரேக்கை மிதிக்கிற ஒவ்வொரு முறையும் "மாதாவே" என்று கூப்பிடுவார். கண்ணை மூடித் தூங்கிக்கொண்டு வருகிறவர்கள்கூட அந்த மாதாவை வைத்தே வேகத்தடை வருகிறதென்று தெரிந்துகொண்டு கம்பியைப் பிடித்துக்கொள்வோம்.

கொடுப்பது அவருக்கு ஒரு பழக்கம் என்று சொன்னால் போதாது. கொடுக்காமல் இருக்க அவருக்குத் தெரியாது. மழைக்காலத்தில் ஒருநாள், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணின் செருப்பு வார் ஏறும்போதே அறுந்துவிட்டது. வெறுங்காலோடு போனால் கேட்டில் உள்ளே விடமாட்டார்கள் என்று அந்தப் பெண் அழுகிற மாதிரி ஆகிவிட்டாள். அக்கா குனிந்து தன் செருப்பைக் கழற்றிப் பின்னால் தள்ளினார்.

"உங்களுக்கு அக்கா?"

"எனக்கின்னா, நானா நடக்கப் போறேன்? வெறுங்கால்ல பிரேக்கு இன்னும் நல்லா பேசுது."

அன்று மாலை வரை வெறுங்காலில்தான் ஓட்டினார். அந்தப் பெண் மறுநாள் செருப்பைத் திருப்பிக் கொண்டுவந்தபோது, "உனுக்குத்தான் எடுப்பா கீது, வச்சிக்கோ" என்று சொல்லிவிட்டார்.

மாத்திரையும் அப்படித்தான். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார். அதில் மூன்று நிறங்களில் மாத்திரைகள் இருக்கும். எதற்கும் பெயர் தெரியாது. வெள்ளை தலைவலிக்கு, மஞ்சள் இடுப்புக்கு, சிவப்பு முட்டிக்கு. அதுதான் கணக்கு. மெடிக்கல் ஷாப்பில் பட்டாணி வாங்குகிற மாதிரி அட்டை அட்டையாக வாங்கிவந்து நிரப்புவார். அவரும் அதிலிருந்துதான் போட்டுக்கொள்வார், காலையில் சிவப்பு, மதியம் மஞ்சள். ரொம்ப முடியாத நாளில் இரண்டும் சேர்த்து.

எங்கள் வண்டியில் தென்காசிப் பக்கத்துக்காரர் ஒருவர் வருவார். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கேட் செக்யூரிட்டி. நாள் முழுக்க நிற்கிற வேலை. அக்காவைவிட நாலைந்து வயது மூத்தவர். அக்கா அவரை 'தென்காசி அண்ணே' என்பார், அவர் அக்காவைத் 'தாயி' என்பார். அவருக்கு முட்டிவலி என்று தெரிந்த நாளிலிருந்து, ஏறியதும் ஒரு சிவப்பு மாத்திரை தவறாமல் அவர் கைக்குப் போய்விடும்.

"நல்லாக் கேக்குது தாயி. மருந்துன்னா இதுல்லா மருந்து" என்று அவர் சொன்னால், அக்காவுக்கு அன்று முழுக்க முகம் பூத்துக் கிடக்கும்.

தவக்காலம் வந்தது. அக்கா உபவாசம் இருப்பவர். காலையில் ஒரு கடுங்காப்பி, அதற்குப் பிறகு மாலையில்தான் சாப்பாடு. மாத்திரைகள் மட்டும் வழக்கம்போல. ஒரு வாரமாகவே நெஞ்சுக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டு ஓட்டினார். "கேஸ்மா, கேஸு" என்றார். எங்கள் முகங்களை எல்லாம் படித்தவருடைய முகத்தை, அதே கண்ணாடியில் தெரிந்தும், நாங்கள் யாரும் சரியாகப் பார்க்கவில்லை.

செரப்பணஞ்சேரியைத் தாண்டியதும் அன்று வண்டி மெதுவாக ஓரம் ஒதுங்கியது. அக்கா ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். இன்ஜினை அணைத்தார். சாவியை எடுத்துப் பின்னால் என் கையில் கொடுத்தார்.

"யாரும் பயந்துக்காதீங்கோ. எனக்குக் கண்ண கட்டிக்கினு வருது."

சொல்லிவிட்டுத்தான் சரிந்தார். வாயில் எடுத்தது காப்பித் தூள் நிறத்தில் இருந்தது. அவர் உடம்பெல்லாம் வியர்வை. உள்ளங்கை சில்லிட்டுக் கிடந்தது. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தோம். ஒருவர் சோடா வாங்க ஓடினார், ஒருவர் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுவிட்டு லைனில் காத்திருந்தார். தென்காசிக்காரர்தான் என் பக்கம் கையை நீட்டினார்.

"சாவியத் தாம்மா. ஊர்ல நான் லோடு ஆட்டோ ஓட்டுனவன்தான். அது வாரதுக்குள்ள நாம போயிருவோம்."

அக்காவைச் சீட்டில் படுக்கவைத்து அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். மற்றவர்கள் இறங்கி வழிவிட்டார்கள். தென்காசிக்காரர் வண்டியைத் திருப்பிய வேகத்தில் எதிரே வந்த கம்பெனி பஸ் நின்றே போனது. வழியில் ஒரு வேகத்தடையில் வண்டி தூக்கிப்போட்டபோது, கண்ணைத் திறக்காமலே அக்கா "மாதாவே" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. உயிர் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

படப்பை ஆஸ்பத்திரியில் டாக்டர், சின்ன வயதுப் பெண். ரத்தம் ஏற்றினார்கள், குழாய் விட்டு வயிற்றைப் பார்த்தார்கள். இரைப்பையில் புண், அதிலிருந்து ரத்தக் கசிவு. இரண்டாம் நாள் அக்கா எழுந்து உட்கார்ந்ததும் டாக்டர் வந்து கட்டிலருகே நின்றார்.

"மோஷன் கறுப்பாப் போச்சாம்மா?"

"தார் மாதிரி போச்சு டாக்டர். ஒரு நாலு நாளா."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"அது வெளிய சொல்ற விசயமா?"

"அதுதாம்மா ஓடி வந்து சொல்ல வேண்டிய விஷயம். வயித்துக்குள்ள ரத்தம் கசிஞ்சா அப்படித்தான் போகும். என்ன மாத்திரை போட்டீங்க?"

"சிவப்பும் மஞ்சளும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் வண்டியிலிருந்து டப்பாவை எடுத்துவந்து கொடுத்தேன். அவர் அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அட்டையை அக்காவின் கண் முன்னால் பிடித்துக் காட்டினார்.

"பெரிய எழுத்துல இருக்கறது கம்பெனி வச்ச பேரு. அதுக்குக் கீழ பொடி எழுத்துல இருக்கு பாருங்க, அதுதான் மருந்தோட பேரு. உங்க சிவப்பும் மஞ்சளும் ஒரே வகை மருந்து. வலியைக் குறைக்கும், ஆனா வயித்துக்கு இருக்கற பாதுகாப்பையும் குறைக்கும். ஒண்ணைப் போட்டாலே சாப்பாட்டுக்கு அப்புறம்தான் போடணும், அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான். நீங்க ரெண்டையும் சேர்த்து, வெறும் வயித்துல, மாசக்கணக்கா போட்டிருக்கீங்க."

"வெள்ளை?"

"அது வேற. வயித்தை இப்படிப் புண்ணாக்காது. அதுக்கும் அட்டையில போட்ட அளவு இருக்கு, தாண்டினா ஈரல் கெடும். சளி மாத்திரை பலதுலயும் இதே மருந்து கலந்திருக்கும். சளிக்கு ஒண்ணு, வலிக்கு ஒண்ணுன்னு போட்டா, தெரியாமலே ஒரே மருந்தை ரெண்டு மடங்கு போட்டதா ஆயிடும். உங்களுக்கு இனிமே சிவப்பும் வேண்டாம், மஞ்சளும் வேண்டாம். முட்டிக்குத் தடவுற மருந்தும் பயிற்சியும் தரேன்."

அக்கா தலையாட்டிக்கொண்டே இருந்தார். பிறகு தலையாட்டுவது நின்றது.

"டாக்டர், இத நான் மத்தவங்களுக்கும் குடுத்துக்கினு இருந்தேனே."

"எத்தனை பேருக்கு?"

"வண்டில ஏறுனவங்களுக்கெல்லாம்."

டாக்டர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். "எப்பவாவது ஒண்ணு போட்டவங்களுக்குப் பெரும்பாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. தினமும் போட்டவங்க இருக்காங்களா? அதுல பிரஷர் இருக்கறவங்க, கிட்னியோ ஹார்ட்டோ சரியில்லாதவங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறவங்க யாராவது?"

அக்காவின் கை என் கையைத் தேடியது.

"தென்காசி அண்ணே பிரஷர் மாத்திர போடுறாருல்ல?"

போடுகிறார் என்றேன். அவருடைய சட்டைப் பையில் அந்த அட்டை துருத்திக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அக்கா அப்போதே கட்டிலிலிருந்து காலைக் கீழே போட்டார். நர்ஸ் வந்து பிடித்து உட்காரவைக்க வேண்டியிருந்தது. போன் போட்டோம். சுவிட்ச் ஆஃப்.

வீட்டுக்கு வந்த பிறகு டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தார். அக்கா எடுத்தது ஒரு விதமான ஓய்வு. வண்டியை வேறு டிரைவரிடம் கொடுத்துவிட்டு, தான் பயணியாக அதில் ஏறி உட்கார்ந்துகொண்டார். ஏறுகிற ஒவ்வொருவரையும் பிடித்து, "நான் குடுத்த மாத்திர இன்னும் போட்டுக்கினு கீறியா? நிறுத்து. வலிச்சா டாக்டராண்ட போ. நான் பெரிய தப்புப் பண்ணிட்டேன்" என்றார். வெட்கப்படவே இல்லை. ஒரு சிலர் சிரித்தார்கள். ஒரு சிலர், "அக்கா, எனக்கு ஒண்ணும் ஆகலயே" என்று அவரைத் தேற்றினார்கள். எனக்குக் கழுத்துக்கு எப்போதாவது கொடுத்ததை நினைவுபடுத்தி, என் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "எரியுதா, எரியுதா?" என்று படப்பையிலிருந்து ஒரகடம் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார்.

தென்காசிக்காரர் மட்டும் வரவில்லை. அவருக்கு வேலை மாறி, பிள்ளைப்பாக்கம் பக்கம் வேறொரு கம்பெனி கேட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு அக்கா என்னை அழைத்துக்கொண்டு கிளம்பினார். அன்றைக்கு அவரே ஓட்டினார். ஒவ்வொரு கம்பெனி கேட்டிலும் நிறுத்தி, "தென்காசிக்காரரு, முட்டிவலி, மீசை வெள்ளையா கீது" என்று அடையாளம் சொன்னார். செக்யூரிட்டிகளில் பாதிப் பேருக்கு முட்டிவலி இருந்தது, மீசையும் வெள்ளையாகத்தான் இருந்தது. ஒருவழியாக ஒருவர், பெட்டிக்கடைக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீட்டைக் காட்டினார்.

தென்காசிக்காரர் பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழ முயன்றார், முடியவில்லை. இரண்டு பாதமும் வீங்கிப் பளபளத்தன. அக்கா விரலால் அழுத்தினார். குழி விழுந்தது, மேலே வரவில்லை.

"இன்னா அண்ணே இது?"

"நிக்கிற வேலைல்லா தாயி, நீர் இறங்கிருக்கும். முட்டி மட்டும் பரவால்ல." தலையணைக்கு அடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். "நீ தந்த காலி அட்டையக் கடையில காட்டி, அதையே வாங்கிப் போட்டுட்டு வாரேன்."

சிவப்பு மாத்திரை.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"எழுந்திரு அண்ணே. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"இன்னைக்கு ஞாயித்துக்கெழமல்லா. நாளைக்குப் பாத்துக்கிடலாம்."

"நீ என்ன இஸ்துகினு போனப்போ நாளைக்கினு சொன்னியா?"

ஆளுக்கொரு பக்கம் தோள்கொடுத்து வண்டியில் ஏற்றினோம். அதே டாக்டர்தான் இருந்தார். பிரஷரைப் பார்த்துவிட்டு மறுபடி ஒருமுறை பார்த்தார். எழுதிய மருந்தை எல்லாம் ஒழுங்காகப் போட்டும் பிரஷர் இறங்காமல் இருந்ததற்கு அந்தச் சிவப்பு மாத்திரைதான் காரணமாக இருக்கும் என்றார். கிட்னியும் கொஞ்சம் திணறுகிறது, ரத்தப் பரிசோதனை வந்ததும் சொல்கிறேன் என்றார். முடிவு வருகிற வரைக்கும் அக்கா வராண்டாவில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு நடந்தார். முட்டிவலியோடு ஒரு மனுஷி அவ்வளவு தூரம் நடப்பதை நான் பார்த்ததில்லை.

"மாத்திரையை நிறுத்தினா கிட்னி சரியாகிடும்னு நினைக்கிறேன். நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்தீங்க" என்றார் டாக்டர்.

தென்காசிக்காரருக்குக் கோபம் வரும், வர வேண்டும் என்று அக்கா எதிர்பார்த்துக்கொண்டு நின்றார். "என்ன திட்டு அண்ணே. நல்லா திட்டு" என்றார்.

அவர் யோசித்தார். "திட்டுறதுக்கு என்ன இருக்கு? ஒன்ன நான் கொண்டாந்து சேத்தேன், என்ன நீ கொண்டாந்து சேத்துட்ட. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி இந்த ஆஸ்பத்திரிக்குச் சவாரி அடிச்சிட்டுக் கெடக்கோம். வரும்போது ஒரு காப்பி கூட வாங்கித் தரலயே தாயி, அதுக்கு வேணா திட்டுதேன்."

அக்கா வாய்விட்டு அழுதார். அழுகை பாதியிலேயே சிரிப்பாக மாறி, வராண்டாவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சில வாரங்களில் தென்காசிக்காரர் காலில் வீக்கம் வடிந்தது. கிட்னியும் பழையபடி ஆகிவிட்டதென்று அடுத்த பரிசோதனையில் சொன்னார்கள். உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று ஒரகடத்திலேயே கிடைத்து, மறுபடியும் எங்கள் வண்டிக்கே வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அக்கா மாத்திரை கொடுப்பதை நிறுத்தினார். கொடுப்பதை நிறுத்த முடியவில்லை. டப்பாவில் கடலை உருண்டை வந்தது. கண்ணாடியில் முகம் சுளிக்கிறவரைப் பார்த்தால் உருண்டையோடு விசாரணையும் வரும். "சாப்டியா? இன்னா மாத்திர போட்ட? அட்டையக் காட்டு. பொடி எயுத்தப் படி." படிக்க முடியாத பொடி எழுத்தைப் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படிப்போம். ஒருமுறை, சளி பிடித்த ஒரு வெல்டர் காய்ச்சல் மாத்திரை ஒன்றும் சளி மாத்திரை ஒன்றும் போட்டுக்கொண்டு மூன்றாவதாகச் சளிப் பவுடரைக் கலக்கிக் குடிக்கத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். அக்கா வண்டியையே மெடிக்கல் ஷாப் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். மூன்றிலும் ஒரே மருந்து என்று கடைக்காரர் சொல்ல, வெல்டர் பாட்டிலை மூடிவிட்டார். எல்லோருக்கும் ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது. யாரும் முணுமுணுக்கவில்லை. ஆனால் அந்த வெல்டர் பிறகு வலித்தாலும் சிரித்த முகமாக ஏறப் பழகிக்கொண்டார். அக்கா ஏமாறவில்லை. "இளிக்கிறான் பாரு, எங்கியோ வலிக்குது" என்பார்.

அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் முட்டிக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்திருந்தார்கள். காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, பத்து எண்ணுகிற வரை பிடித்து, பிறகு விட வேண்டும். தொடைச் சதை பலப்பட்டால் முட்டிக்குப் பாரம் குறையும். ஆரம்பத்தில் வீட்டில் செய்தார். பிறகு சவாரி இல்லாத நேரத்தில் வண்டியில் செய்தார். மாதாவைக் கூப்பிடுவது குறைந்தபோதுதான் அவருக்கு வலி குறைகிறதென்று எங்களுக்குத் தெரிந்தது. உடனே எங்களையும் பிடித்துக்கொண்டார்.

கல்யாணமாகி நான் கோயம்புத்தூருக்கு வந்துவிட்டேன். இங்கே எனக்கு அப்படி ஒரு வண்டி கிடைக்கவில்லை. அக்காவை நினைத்தால் முதலில் நினைவுக்கு வருவது, நான் அங்கிருந்து கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மாலையில் நடந்தது.

ஒரகடம் மேம்பாலத்துக்குக் கீழே சிக்னல். எல்லாக் கம்பெனியும் ஒன்றாக விட்டிருந்தது. லாரிகளும் பஸ்களும் மாட்டிக்கொண்டு எதுவும் நகரவில்லை. அக்கா கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "வண்டி நிக்கிது. கால நீட்டுங்கோ."

எதிரெதிர் சீட்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் நீட்டினால் இடிக்கும். ஆகவே இந்தப் பக்கத்தார் முதலில், அந்தப் பக்கத்தார் பிறகு. தென்காசிக்காரர் சத்தமாக எண்ணினார். காலைத் தூக்கியபடி நாங்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தபோது, ஒரு டிராபிக் போலீஸ்காரர் வண்டிக்குள் தலையை நுழைத்தார்.

"இன்னாம்மா நடக்குது உள்ள?"

"முட்டிக்கு சார்" என்றார் அக்கா. "தொடைக்குப் பலம் வந்தா முட்டி தாங்கும்னு ஆஸ்பத்திரில சொன்னாங்கோ. சிக்னல்ல நிக்கிற நேரம் சும்மாத்தான போவுது."

போலீஸ்காரர் எங்கள் கால்களைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார்.

"எனக்கும் ரெண்டு முட்டியும் போச்சு. காலைலேர்ந்து நின்னுகினே கீறேன். நிக்கிறவங்க எப்படிப் பண்றது?"

"இந்தக் கம்பியப் பிடிச்சிக்கிடுங்க சார்" என்றார் தென்காசிக்காரர். "முட்டிய மடக்காம கால முன்னால தூக்குங்க. அம்புட்டு உசரம் வேண்டாம். மெதுவா."

போலீஸ்காரர் சுற்றிலும் பார்த்தார். எங்கள் வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பூட்ஸ் காலை மெல்லத் தூக்கினார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து எண்ணினோம். ஒன்று, இரண்டு, மூன்று.

ஆறு எண்ணும்போது சிக்னல் பச்சைக்கு மாறிவிட்டது. பின்னாலிருந்து ஒரு லாரி ஹாரன் அடித்தது, அதைக் கேட்டு இன்னொன்று, பிறகு மொத்தச் சாலையும். அக்கா கியரில் கை வைத்தார். போலீஸ்காரர் காலை இறக்கவில்லை. இன்னொரு கையை உயர்த்தி, பின்னால் நின்ற அத்தனை வண்டிகளையும் நிறுத்தினார்.

"பத்து வரட்டும்மா" என்றார்.

அக்கா கியரிலிருந்து கையை எடுத்துவிட்டு, அந்த ஹாரன் சத்தத்துக்கும் மேலே கத்தினார்.

"ஏயு! எட்டு!"